காதுக்குள் அடித்த போன்

என் காது போனதற்கு மில்தான் காரணம். சிங்காநல்லூரில் ஒரு மில்லின் தறி ஷெட்டில் முப்பது வருடம் நின்றேன். என் மனைவி அதே மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தாள். அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் எல்லாரும் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவோம். உதட்டைப் பார்த்தே சண்டையும் போடுவோம், மேஸ்திரியையும் திட்டுவோம். வேலையை விட்டபிறகு வீட்டிலும் அதுதான் பழக்கமாகிவிட்டது. செவிடனிடம் குரலை எதற்குச் செலவழிப்பது என்று நினைத்தாளோ என்னவோ, முகத்துக்கு நேரே வந்து வாயசைப்பாள். எனக்கும் அது போதுமாக இருந்தது.

முதலில் வாங்கிய காது மெஷின் குக்கர் விசிலையும் லாரி ஹாரனையும் மண்டைக்குள் கொண்டுவந்து கொட்டியது. போனைக் காதருகே கொண்டுபோனாலே கீச்சென்று அலறும். கோபத்தில் கழற்றி பீரோவில் எறிந்தேன். போன வருடம் ஓசூரில் வேலை பார்க்கும் மகன் புதிதாக ஒன்று வாங்கிவந்தான். புளூடூத்தில் செல்போனோடு சேர்ந்துகொள்ளும் வகை. போன் சட்டைப் பையில் கிடக்கும். பேச்சு நேராக இரண்டு காதுக்குள்ளும் வரும். மெஷினை விரலால் ஒரு தட்டு தட்டினால் பேசலாம். இன்னொரு தட்டு தட்டினால் போன் கட்டாகிவிடும்.

அதில் எனக்கு வந்த முதல் போன் சமையலறையிலிருந்து மனைவி போட்டது. "ஏனுங்க, சோறு ஆறுதுங்க, வாங்க" என்றாள். கல்யாணமான புதிதில் கேட்ட குரல் இல்லை அது. கரகரத்து, வயதாகிப்போன குரல். அவள் குரலுக்கு வயதானதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தட்டின்முன் உட்கார்ந்து அழுதேன். காரம் ஜாஸ்தி என்று சமாளித்தேன். அதன்பிறகு பஸ்ஸிலும் சந்தையிலும் எத்தனை இரைச்சல் இருந்தாலும் அவள் போனில் சொல்வது தெளிவாகக் கேட்டது.

ஆனால் பழைய பழக்கம் லேசில் போகுமா? எனக்குப் போன் போட்டால் அவள் போன் திரையில் என் படம் வரும். அதைப் பார்த்ததும் நான் எதிரே இருப்பதாக நினைத்து வாயை மட்டும் அசைப்பாள். என் காதில் மூச்சு மட்டும் வரும். சத்தம் போட்டுப் பேசு என்று அதட்டினால் சிரித்துவிட்டுப் பேசுவாள். வாரத்தில் இரண்டு தடவையாவது இந்தக் கூத்து நடக்கும்.

போன ஆவணியில் பெரியநாயக்கன்பாளையத்தில் பழைய மில் நண்பர் ஒருவரின் வீட்டுப் புதுமனை புகுவிழா. அவளுக்குக் காலையிலிருந்தே தலைவலி. நான் மட்டும் கிளம்பினேன். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது காதுக்குள் போன் அடித்தது. தட்டினேன். மூச்சு மட்டும் வந்தது. "அம்மணி, சத்தம் போட்டுப் பேசு" என்றேன். அப்போதும் மூச்சுதான். பஸ்ஸில் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. தட்டி வைத்துவிட்டேன். உடனே மறுபடியும் அடித்தது. எடுத்தேன், அதே மூச்சு. வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று அதையும் வைத்துவிட்டேன். விருந்தில் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். போனை எடுத்து அவள் அழைத்த நேரத்தைக் காட்டினேன். பேசினார்களா என்றார். மூச்சு மட்டும் கேட்டது என்றேன். சில மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம், இப்போது நேரம் தாண்டிவிட்டது என்றார். சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மகன் மறுநாள் வந்து சேர்ந்தான். அம்மாவால் அன்றைக்குப் போனை எடுத்து ஒருத்தரைக்கூடக் கூப்பிட முடியவில்லையே என்று அழுதான். அவள் அழைத்த நேரம் பதிந்திருந்த போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டேன்.

உயிர் தப்பினாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. ஆனால் பார்வையில் பழைய கூர்மை அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் மகன் ஜன்னலோரம் நின்றிருந்தபோது அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன். குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சொன்னேன். "நீ கூப்புட்டே. நாந்தான் கட் பண்ணிப்போட்டேன்."

அவள் என் உதட்டைப் படித்தாள். கண் நிறைந்தது. பதிலுக்கு வாயசைத்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணி இழுத்திருந்ததால் எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. மூன்று தடவை சொன்னாள். திட்டினாளா, போனால் போகிறது என்றாளா, தெரியவில்லை. புரிந்தவன்போல் தலையாட்டினேன்.

மகன் திரும்பிப் பார்த்தான். "அம்மா என்னங்கப்பா சொல்றாங்க?" என்றான்.

"தண்ணி கேக்கறாடா" என்றேன்.