உறுமிச் சத்தத்தில் கேட்கும் ஹேண்ட்போன்

1. தலைகீழாகப் பிடித்தது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹேண்ட்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கடையிலிருந்ததிலேயே விலை உயர்ந்த போனைத் தலைகீழாகக் காதில் வைத்து, ஒரு வக்கீலுக்கு எப்படிப் பேசுவது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாக முழுவதையும் கேட்டார். பிறகு, "திருப்பிப் பிடிம்மா, அதுதான் பேசுற பக்கம்" என்று சொல்லிவிட்டு முதலாளியைப் பார்க்க உள்ளே போனார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. அதற்கு முன் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். யாரோ சொல்லி இங்கே வந்தேன். என் முதலாளி மிஸ்டர் நடராஜா யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். தகப்பனார் ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். இவர் பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தாலும் வீட்டுத் தமிழை விடவில்லை. கோபம் வந்தால் ஆங்கிலம், கோபம் தணிந்தால் யாழ்ப்பாணத் தமிழ்.

இப்போது கடையில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு அந்தக் காலத்து பிளான் விவரம் புரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் மூன்று பிளான் இருந்தன. கம்பெனி வைத்த பெயர்கள் வேறு. நாங்கள் பெரிசு, நடு, சின்னது என்போம். பெரிய பிளானில் மாதக் கட்டணம் அதிகம், ஆனால் பேசுகிற நிமிடம் மலிவு. சின்னதில் மாதக் கட்டணம் குறைவு, ஆனால் நீங்கள் யாரையாவது கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு நிமிடமும் கடிக்கும். நமக்கு வருகிற அழைப்புக்கு எதிலுமே காசு கிடையாது. பெரிய பிளானை விற்றால்தான் கடைக்கு நல்ல கமிஷன்.

ஒரு மாதம் போனது. நான் ஒன்றுகூட விற்கவில்லை. கடைக்கு வருகிற ஆண்கள் என்னைத் தாண்டிப் பார்த்து, "பாஸ் இல்லையா?" என்று கேட்பார்கள். கடைசியில் மிஸ்டர் நடராஜா என்னைக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"பிள்ளை, இந்தச் சனிக்கிழமைக்குள்ள ஒண்டாவது வித்துப்போடு. என்ர மனுசி கணக்குப் பார்க்கிறவ. உந்தப் பிள்ளைக்கு ஏன் சம்பளம் எண்டு கேக்கிறா."

அந்த வாரம் முழுவதும் கிள்ளான் பஸ்ஸில் உட்கார்ந்து பிளான் விவரங்களை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

2. ஆறு பேருக்கு ஒரு போன்

சனிக்கிழமை மத்தியானம். கடை வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. மஞ்சள் சட்டை போட்ட ஆறு பேர் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். எங்கள் கடையில் நான்கு பேர் நின்றாலே ஐந்தாமவர் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

"தங்கச்சி, ஒரு ஹேண்ட்போன் வேணும்" என்றார் முன்னால் நின்றவர். "ஆறு பேருக்கும் சேத்து ஒன்னு."

அவர் பெயர் முனியாண்டி. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஓய்வு நாட்களில் இந்த ஆறு பேரும் உறுமி மேளம். கோயில் திருவிழா, காவடி, கல்யாணம் எதற்குக் கூப்பிட்டாலும் போவார்கள். அன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூஜைக்கு வாசித்துவிட்டு அப்படியே வந்திருந்தார்கள்.

"செமினியில ஒரு கோயிலு" என்று முனியாண்டி அண்ணன் ஆரம்பித்தார். "வருசா வருசம் நம்மதான் அடிப்போம். இந்த வருசமும் நம்மளத்தான் கூப்பிட்டிருக்காங்க. வீட்டுக்குப் போன் பண்ணா எடுக்க ஆள் இல்ல. நான் ஷிப்ட்ல இருக்கேன், என் வீட்டுக்காரி ஃபேக்டரில இருக்கா. மூனு நாளு அடிச்சுப் பாத்துட்டு வேற குரூப்ப புக் பண்ணிட்டாங்க."

"அந்த குரூப்பு லீடர்கிட்ட ஹேண்ட்போன் இருக்கு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மெலிந்த மனிதர். பெயர் ராஜு, ஸ்கூல் பஸ் ஓட்டுபவர், குழுவில் பாடுகிறவர். அதைச் சொன்னபோது அவர் முகம் யாரோ செத்த செய்தியைச் சொல்வது போல இருந்தது.

"வாங்குறது பெரிசில்ல தங்கச்சி" என்றார் முனியாண்டி அண்ணன். "மாசா மாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பில்லு கட்டணும். ஒரு மாசம் பில்லு எகிறிச்சின்னா குரூப்பே உடைஞ்சிரும். ஏற்கனவே வேன் பெட்ரோலுக்கே சண்டை."

மிஸ்டர் நடராஜா உள்ளேயிருந்து வந்து, பெரிய பிளானின் படத்தை அவர்கள் முன் விரித்தார். நூறு நிமிடம் இலவசம் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. ஆறு பேரும் குனிந்து மரியாதையாகப் பார்த்தார்கள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அண்ணே, இந்தப் போன்லருந்து நீங்க யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க யாரையும் கூப்பிட மாட்டோம்" என்றார் அண்ணன். "அவங்கதான் எங்களைக் கூப்பிடணும்."

"அப்படின்னா உங்களுக்குச் சின்ன பிளான் போதும்ணே. வர்ற காலுக்குக் காசில்ல. நீங்க திருப்பிக் கூப்பிடணும்னா பப்ளிக் ஃபோன்ல போய்ப் பேசுங்க. மாசத்துக்கு ஒரே பில்லு, ஏறவே ஏறாது."

மிஸ்டர் நடராஜா இருமினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

தவில் அடிக்கிற செல்வம், "அவசரத்துக்கு வீட்டுக்கு ரெண்டு நிமிசம் பேசிக்கலாம்லா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒன் கையில போனே வராது" என்றார் முனியாண்டி அண்ணன்.

புது செட் எல்லாம் அவர்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது. செகண்ட்ஹேண்டில் ஒன்று இருந்தது. செங்கல் மாதிரி கனம், ஆனால் கெட்டியான செட், போர்ட் கிள்ளான் பக்கமும் லைன் கிடைக்கும். அதை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் கையில் வைத்து எடை பார்த்தார். என் முதல் விற்பனை இதோ முடியப்போகிறது.

"எல்லாம் சரி தங்கச்சி. உறுமி அடிக்கும்போது இது கேக்குமா?"

3. கடைக்குள் மேளம்

அப்படி ஒரு கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை. அடித்துப் பார்த்தால்தானே தெரியும் என்று செல்வம் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் வேனிலிருந்து உறுமியும் தவிலும் வந்துவிட்டன. இடம் போதாததால் பாதிப் பேர் கடைக்குள், பாதிப் பேர் வெளியே ஐந்தடி நடைபாதையில். கடையில் சோதனைக்கென்று வைத்திருந்த சிம் கார்டை செட்டில் போட்டேன். மிஸ்டர் நடராஜா உள் அறையில் கடைப் போனை எடுத்துக்கொண்டு, நான் கை காட்டியதும் டயல் செய்வது என்று ஏற்பாடு.

உறுமியில் வளைந்த குச்சியைத் தேய்த்ததும் கண்ணாடி அலமாரி முழுவதும் பேச ஆரம்பித்துவிட்டது. உள்ளே அடுக்கியிருந்த போன்கள் அடிமேல் அடியாக நகர்ந்தன. நான் செகண்ட்ஹேண்ட் செட்டைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனின் விளக்கு மின்னியது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

"இப்ப அடிக்குதோ?" என்று உள்ளேயிருந்து மிஸ்டர் நடராஜா கத்தியது வாயசைவில்தான் புரிந்தது.

கடையிலிருந்த எல்லா செட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வக்கீல் வாங்கிப் போன விலை உயர்ந்த மாடல்கூடத் தோற்றுப்போனது. அதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த சரோஜா அக்கா, கட்டிக்கொண்டிருந்த மாலையோடு வந்து முன்வரிசையில் நின்றார். சாப்பாட்டுக் கடையிலிருந்து கை கழுவாமலே சிலர் வந்திருந்தார்கள்.

முனியாண்டி அண்ணன் குச்சியைக் கீழே வைத்தார். "வேணாம் தங்கச்சி. நம்ம தொழிலுக்கு இது ஒத்து வராது போல." அவர் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்குள்ளும் இறங்கியது.

அப்போதுதான் மேசை டிராயரில் கிடந்த பேட்டரி ஞாபகம் வந்தது. அந்த செட்டுக்கென்று தனியாக வந்த பேட்டரி. அழைப்பு வந்தால் நடுங்கும். அதை வாங்கிப்போன ஒரு காண்டிராக்டர், கெட்டுப்போன சாமானை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று திருப்பிக் கொடுத்திருந்தார். அதை மாட்டி அண்ணனின் சட்டைப் பையில் போட்டேன். மறுபடியும் மேளம். மறுபடியும் நான் கை காட்டினேன்.

அண்ணன் தலையை ஆட்டினார். "வயித்துல கட்டுன உறுமியே நடுங்குது. இதுல எது போனு, எது மேளம்னு எப்படித் தெரியும்?"

தவில்காரருக்கும் அதே கதி. மேளம் தொடாத ஒரே ஆள் ராஜு அண்ணன்தான்.

"எனக்கு வேணாம்ணே" என்று அவர் பின்வாங்கினார். "எனக்கு ரொம்பக் கூச்சம்."

கூட்டத்தைப் பார்த்து வெட்கப்படுகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் சட்டையில் பை இல்லை. முனியாண்டி அண்ணனே அவர் வேட்டி மடிப்பில், இடுப்போடு சேர்த்து போனைச் செருகிவிட்டார். மேளம் எழுந்தது. ராஜு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு முருகன் மேல் ஒரு பாட்டை எடுத்தார். மெலிந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெருவே அடங்கிக் கேட்டது. நான் கேட்டுக்கொண்டே கையைத் தூக்கினேன்.

ராஜு அண்ணன் பாட்டு நடுவில் ஒரு கூச்சல் போட்டு முழங்கால் உயரத்துக்குக் குதித்தார். இடுப்பை வளைத்தார். மறுபடியும் குதித்தார். கண்ணில் தண்ணீர்.

"அருள் வந்திருச்சு" என்றார் யாரோ. தெருவில் இருந்த பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சரோஜா அக்கா கையிலிருந்த மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டுப் பூவுக்குத் தெளிக்கிற தண்ணீர் வாளியைக் கொண்டுவர ஓடினார். ஒரு அம்மா முன்னால் வந்து, "சாமி, என் மவனுக்கு எப்ப சாமி வேலை கிடைக்கும்?" என்று கேட்டார்.

"போனு... போனு..." என்றார் ராஜு அண்ணன். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

"போன்லயா சாமி வரும்?"

உள்ளே மிஸ்டர் நடராஜாவிடம் நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் கடமையாக மறுபடி மறுபடி டயல் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் வெளியே சாமி ஆடியது. வாளியோடு வந்த அக்காவைத் தடுப்பதா, உள்ளே ஓடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ், போனை வைங்க" என்று கத்தினேன். போன் நின்றது. ராஜு அண்ணன் அப்படியே ஐந்தடியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தார்.

"கூச்சம்னு சொன்னேன்ல" என்றார். "இடுப்புல யாராச்சும் தொட்டாலே தாங்க மாட்டேன்."

விஷயம் புரிந்ததும் தெருவே சிரித்தது. எங்களுக்குப் பயம், சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று. முனியாண்டி அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டை முழுவதும் பாடவைத்துத்தான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தார்.

4. சின்ன பிளானின் சாயங்காலம்

அவர்கள் அந்த செட்டையே வாங்கினார்கள். ராஜு அண்ணனுக்கு இனி பை வைத்த சட்டை தைப்பது, உள்ளே ஒரு பனியன் போடுவது என்று முடிவானது. விண்ணப்பப் பாரத்தில் விற்றவர் என்ற இடத்தில் முதல்முறையாக என் பெயரை எழுதினேன்.

கூட்டம் கலைந்த பிறகும் சரோஜா அக்கா வாசலிலேயே நின்றார். "ஏன் மல்லிகா, ஆர்டர் வர்றதுக்கு மட்டும்னா எனக்கும் அந்தச் சின்னது போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன். அவருக்குப் பின்னால் அந்த அம்மா. மகன் ஒயரிங் வேலை தெரிந்தவனாம். ஆட்கள் கூப்பிட நினைத்தால் கூப்பிட ஒரு நம்பர் இல்லையாம். "சாமியே சொல்லிருச்சு" என்றார். அது சாமி இல்லை என்று நான் மூன்று முறை விளக்கினேன். அவர் மூன்று முறையும் சரி என்று தலையாட்டிவிட்டு, "எந்த செட்டு மலிவு?" என்றார்.

கடையைப் பூட்டும்போது மிஸ்டர் நடராஜா மூன்று பாரங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். எல்லாம் சின்ன பிளான், கமிஷன் சின்னது. ஆங்கிலம் வரும் என்று காத்திருந்தேன்.

"மூண்டு சின்னன் சேர்ந்தா ஒரு பெரிசுதானே பிள்ளை" என்றார். "வா, தே தாரிக் குடிப்பம்."

5. முதல் அழைப்பு

லைன் கிடைக்கச் சில நாட்கள் ஆகும். கிடைத்ததும் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்வது என் வேலை. கடைப் போனிலிருந்து ஹேண்ட்போனுக்கு அடித்தால் கட்டணம் அதிகம் என்பதால் மிஸ்டர் நடராஜா பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

அடித்தேன். எடுத்தது ராஜு அண்ணன். பின்னால் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"ராஜுண்ணே, கடையிலருந்து மல்லிகா பேசுறேன். லைன் வந்திருச்சு."

"தெரிஞ்சிச்சு தங்கச்சி, நல்லாவே தெரிஞ்சிச்சு. நிறுத்தாம அடிங்கடா, தங்கச்சி கேக்கட்டும்."

நான் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன். எங்கோ கிள்ளான் தெருவில் போகிற உறுமி எங்கள் கடைக்குள் நிறைந்தது. போன் வாங்க வந்திருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மிஸ்டர் நடராஜாவைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் அவருடைய விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. மேளம் முடியும்வரை யாரும் போனை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் நிறைய வருடங்கள் இருந்துவிட்டேன். எத்தனையோ மாடல், எத்தனையோ பிளான் வந்து போய்விட்டன. ஆனால் குறைந்த காசோடு வருகிறவருக்கு எது சரி என்று கண்டுபிடிக்க அன்று கற்றுக்கொண்ட வழியைத்தான் இன்றும் புதியவர்களுக்குச் சொல்கிறேன். என்ன போன் வேண்டும் என்று கேட்காதீர்கள். அது அவர்களுக்கே தெரியாது. போன் அடிக்கிற நேரத்தில் உங்கள் கையில் என்ன இருக்கும் என்று கேளுங்கள்.