வாத்துக்கு வந்த இருமலும் அஞ்சலின் கொடுத்த மூட்டையும்

மரியகொரட்டி தன்னுடைய ஆறு வாத்துகளுக்கும் தேயிலைத் தோட்டத்து உத்தியோகம் போட்டுக் கொடுத்திருந்தாள். கொழுத்த ஆண் வாத்துதான் பெரியதொரை. பகலெல்லாம் நிழலில் உட்கார்ந்திருக்கும். அதன் பின்னாலேயே அலைவது சின்னதொரை. தலையை ஆட்டி ஆட்டி மற்றதையெல்லாம் எண்ணுகிற மாதிரி நடப்பது கணக்கப்பிள்ளை. காரணமே இல்லாமல் கத்துவது கங்காணி. எந்தத் தண்ணீரைக் கண்டாலும் கலக்கி ருசி பார்ப்பது டீமேக்கர். ஆறாவது ஒரு வெள்ளைப் பெட்டை. அதற்குப் பெயர் லேபர். ஒழுங்காக முட்டை போட்டது அது ஒன்றுதான்.

இலங்கையில் நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். அதில் பத்துக் காம்பரா, ஒற்றை அறை வீடுகள், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம். கடைசிக் காம்பரா கொரட்டியுடையது. நாற்பத்தெட்டு வயது, அதில் முப்பது வருடம் கொழுந்து பறித்தே போய்விட்டது. புருஷன் இறந்து ஆறு வருடம். ஒரே மகள் ஜெயந்தினி கொழும்பில் தையல் ஃபக்டரியில் இருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு அட்டைப்பெட்டியில் ஆறு குஞ்சுகளைக் கொண்டுவந்து, "செவத்தோட பேசிக்கிட்டு இருக்காதம்மா. இதுங்ககூடப் பேசு" என்று விட்டுப் போனாள்.

கொரட்டியும் பேசினாள். கொஞ்சம் சத்தமாகவே பேசினாள். "டேய் கணக்கப்பிள்ளை, திருட்டுப்பயலே, அடுத்தவன் தட்டுல என்னாடா பார்வை?" என்று அவள் ஒருநாள் கத்தியபோது, மேல் ரோட்டில் நிஜக் கணக்கப்பிள்ளை குடையோடு போய்க்கொண்டிருந்தார். நின்றார். பார்த்தார். போய்விட்டார். மறுநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் கொரட்டிக்குக் கிடைத்தது, ஆடுகூட ஏறப் பயப்படும் மலை.

அடுத்த காம்பராவில் அஞ்சலின். இரண்டு பேரும் ஒரே வருடம் இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். ஜெயந்தினிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பிள்ளையைக் கையில் ஏந்திய ஞானத்தாய் அஞ்சலின்தான். நாலு வருடத்துக்கு முன் அவளுக்குத் தோட்டத்து ஃபக்டரியில் தேயிலை சலிக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. சாயங்காலம் வரும்போது இமை முடியெல்லாம் தவிட்டு நிறத்தில் தூசி படிந்திருக்கும். ஒன்பது கோழி வளர்த்தாள்.

ஐப்பசி மழை பிடித்த நேரம், அந்த ஒன்பதும் ஒரே வாரத்தில் இல்லாமல் போயின.

"கீரிடி" என்றாள் அஞ்சலின். "ஒண்ணு விடாமத் தூக்கிருச்சு."

கொரட்டி தன் ஆறையும் எண்ணிப் பார்த்தாள். அன்றைக்கே பலகையும் தகரமும் தேடி, வாத்துக்கூட்டில் இருந்த சந்துபொந்தையெல்லாம் ஆணி வைத்து அடைத்தாள். கீரி என்ன, காற்றுகூட நுழைய முடியாது. அஞ்சலின் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு நாள் கழித்து இரண்டு மூட்டையோடு வந்தாள்.

"என்னா அஞ்சலி இது?"

"தேயிலைப் பஞ்சு. சலிக்கிறப்ப பறந்து விழுறது. ஃபக்டரியில கழிச்சுப் போட்டது. உன் புள்ளைங்க குளிர்ல நடுங்குதுக, பாவம். கீழ விரிச்சு விடு. யார்கிட்டயும் சொல்லாத, வெளிய எடுத்தது தெரிஞ்சா எனக்கு வேல போயிரும்."

தேயிலைப் பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. லேசாகப் பூஞ்சை வாடை அடித்தது. மழைக்காலத்தில் லயத்தில் எதுதான் அடிக்காது? கொரட்டி ஒரு சாண் உயரத்துக்கு விரித்தாள். பெரியதொரை அதில் ஏறி, நிஜத் துரையின் பங்களாக் கட்டிலில் படுத்த மாதிரி படுத்தது.

பத்து நாள் போகவில்லை. சின்னதொரை கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை அடிக்க ஆரம்பித்தது. மறுநாள் கங்காணிக்கும் அதே. கத்துவதற்கு வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

கொரட்டி வைத்தியத்தில் இறங்கினாள். துளசிச்சாற்றில் மிளகுத் தூள் கலந்து ஊற்றினாள். யூக்கலிப்டஸ் இலையைக் கொதிக்க வைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு சின்னதொரையை மடியில் வைத்து ஆவி பிடித்தாள். வாத்துக்கு வேர்க்குமா என்று தெரியாது. அவளுக்கு நன்றாக வேர்த்தது. கோயிலிலிருந்து தீர்த்தத் தண்ணீரைச் சாமியாருக்குத் தெரியாமல் எடுத்து வந்து ஆறின் தலையிலும் தெளித்தாள். அது தண்ணீர் என்று சந்தோஷப்பட்டது டீமேக்கர் மட்டும்.

கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய், மருந்து கொடுப்பவருக்கு முன்னால் நின்று இருமிக் காட்டினாள். ஐந்து நாளாக வாத்து இருமலையே கேட்டிருந்ததால் இருமலும் அப்படியே வந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னாம்மா, இப்புடி இருமுறீங்க? எத்தன நாளா?"

"ரெண்டு பேருக்கு அஞ்சு நாளா... எனக்குங்க. எனக்கு அஞ்சு நாளா."

கேப்ஸ்யூல் கிடைத்தது. உடைத்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தாள். இருமல் குறையவில்லை. குளிர்தான் காரணம் என்று இரண்டாவது மூட்டையையும் அவிழ்த்து மேலே கொட்டினாள்.

அந்த நாட்களில் அஞ்சலின் ஒரு சாயங்காலம்கூடத் தவறாமல் வந்தாள். ஃபக்டரியிலிருந்து வந்தவள் முகம்கூடக் கழுவாமல் கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பாள். "இன்னைக்குத் தின்னுச்சா? எத்தன இருமுது? மொதல்ல எதுக்கு வந்துச்சு? பஞ்சுல படுக்குறதுக்குத்தான் ஜாஸ்தியா?" என்று விவரமாகக் கேட்பாள். கொரட்டி ஃபோனில் மகளிடம் சொன்னாள்: "கூடப் பொறந்தவகூட இப்புடி விசாரிக்க மாட்டா. உன் ஞானத்தாய் மனசு யாருக்கும் வராது."

கங்காணி வியாழக்கிழமை செத்தது. சனிக்கிழமை ராத்திரி சின்னதொரை. ஜெயந்தினி ஃபோனில் அழுகிற குரலில் சத்தம் போட்டாள். "மிருக வைத்தியர்கிட்டக் காட்டும்மா. மத்த நாலையாவது காப்பாத்து."

திங்கட்கிழமை கொரட்டி வேலைக்குப் போகவில்லை. சின்னதொரையைப் பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைத்து, பதுளை பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்த காமிலா, டவுனில் சேலைக்கடை வைத்திருப்பவள், மூக்கைச் சுளித்தாள். "பையில என்னங்க?"

"சின்னதொரைங்க. ரெண்டு நாளாச்சு."

காமிலா எழுந்து போய் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பதுளையில் மிருக வைத்தியர் லக்ஷிகா, யாழ்ப்பாணத்துப் பெண். வயது முப்பதுகூட இருக்காது. கையுறை போட்டு, முகத்தை மூடிக்கொண்டு சின்னதொரையை அறுத்தாள். நெஞ்சுக்குள்ளே, பேக்கரியில் வாங்கிய பழைய பாண் துண்டில் பூஞ்சை படர்ந்திருக்குமே, அதே மாதிரி சாம்பலும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

"இது பூஞ்சணம் அம்மா. மூச்சோட உள்ள போய் முளைச்சிருக்குது. நீங்கள் குடுத்த கேப்ஸ்யூல் இதுக்குக் கேக்காது. கூட்டுக்குள்ள கீழ என்ன போட்டு வைக்கிறனீங்கள்?"

கொரட்டி தயங்கினாள். அஞ்சலினின் வேலை ஞாபகம் வந்தது. "புல்லுங்க" என்றாள்.

லக்ஷிகா அவளையே பார்த்தாள். "தேயிலைப் பஞ்சோ?"

கொரட்டி வெறும் பொலித்தீனை மடிக்க ஆரம்பித்தாள்.

"பயப்பிடாதேங்கோ, நான் ஆரிட்டையும் சொல்லமாட்டன். ஒரு மாசத்துக்கு முந்தி உங்கட தோட்டத்திலயிருந்து, ஃபக்டரியில வேலை செய்யிற ஒரு அம்மா செத்த கோழி ஒண்டு கொண்டு வந்தவ. அதுக்குள்ளயும் இதேதான். கூட்டுக்குள்ள போட்டது கூரை ஒழுகி நனைஞ்ச பஞ்சாம். அதைத் தொடவே வேண்டாம், தூரக் கொண்டுபோய்ப் புதையுங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். அவ லயத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

ஃபக்டரியில் வேலை செய்கிற பெண்கள் ஏழு பேர். கோழி வளர்த்தது ஒருத்தி. கொரட்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முன் கோழி. மூன்று வாரத்துக்கு முன் மூட்டை. இன்னொரு தரம் எண்ணினாள். எப்படி எண்ணினாலும் கோழிதான் முதலில் வந்தது.

லக்ஷிகா செய்ய வேண்டியதைச் சொன்னாள். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு பஞ்சை முழுக்க அள்ளிப் புதைக்க வேண்டும். கூட்டைக் கழுவிக் காய வைத்து, அடைத்த பலகையைக் கழற்றிக் காற்று விட வேண்டும். காய்ந்த புல் போட வேண்டும். வாயைப் பிளந்து மூச்சு வாங்குவது தேறாது. லேசாக இருமுவது தேறலாம்.

சாயங்காலம் கொரட்டி பஸ்ஸை விட்டு இறங்கி, தன் காம்பராவுக்குப் போகாமல் அஞ்சலின் வாசலில் நின்றாள். உள்ளே அஞ்சலின் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள்.

"அஞ்சலி, உன் கோழியெல்லாம் கீரிதானே தூக்குச்சு?"

"ஆமா. அதுக்கென்னா இப்ப?"

"அந்தக் கீரிக்கு இருமல் இருந்துச்சா?"

மாவில் இருந்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"டாக்டரம்மா பேரு சொல்லல. நாந்தான் பஞ்சே இல்லைன்னு சொன்னேன், உன் வேல போயிருமேன்னு."

அஞ்சலின் விரலில் ஒட்டிய மாவை வழித்தாள். "பஞ்சாத்தான் இருக்கும்னு அந்தம்மா சொன்னுச்சு. சின்னப் புள்ள, அது சொல்றத எப்புடி நம்புறது? கோழிச் சீக்காவும் இருக்கலாமேன்னு பார்த்தேன். புதுசாக் குஞ்சு எடுக்கணும்டி. எடுத்து, அதுவும் செத்துட்டா?"

"அதனால?"

"வாத்து கோழி மாதிரி இல்ல, கெட்டி உசுரு. உன்னோடதுக்கு ஒண்ணும் ஆகலேன்னா பஞ்சு மேல குத்தம் இல்லைன்னு..."

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"ரெண்டு செத்துச்சே. எத்தன செத்தா சொல்றதா இருந்த?"

கொரட்டி சத்தம் போடவில்லை. வாத்துகளோடு போட்ட சத்தத்தில் பாதிகூட இல்லாத குரலில் சொன்னாள்: "நான் பலக அடிக்கிறப்ப பக்கத்துலயே நின்னியே, அஞ்சலி. அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாம். இல்லாத கீரிக்காக, இருந்த காத்தையும் அடைச்சேன்."

மறுநாள் விடிந்ததும் பஞ்சை அள்ளினாள். மேலே உலர்ந்து, அடியில் வாத்துகள் சிந்திய தண்ணீரில் ஊறிக் கட்டியாகப் பச்சை பூத்திருந்தது. அவளே கொட்டிய இரண்டாவது மூட்டையை அள்ளும்போது மட்டும் இரண்டு தடவை கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அஞ்சலின் ஒரு கூடையோடு வந்து குனிந்தாள்.

"வேணாம்" என்றாள் கொரட்டி. அஞ்சலின் போகாமல் நின்றதைப் பார்த்து, "மூக்கு மூடாம நிக்காத. இந்தத் தூசி உனக்கும் ஆகாது" என்றாள்.

பெரியதொரை புதன்கிழமை செத்தது. டீமேக்கர் இன்னும் நாலு நாள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. தண்ணீர்ச் சட்டியைப் பக்கத்தில் வைத்தும் கலக்கவில்லை. அது அடங்கும்வரை கொரட்டி மடியை விட்டு இறக்கவில்லை. கணக்கப்பிள்ளையும் லேபரும் தேறின. லேபருக்குக் குரல் போனது போனதுதான். முட்டையையும் நிறுத்திவிட்டது. காய்ந்த மானாப்புல்லில் உட்கார்ந்து வாயைத் திறக்கும். "ம்... சொல்லு" என்பாள் கொரட்டி.

அடுத்த மாதம் அஞ்சலின் பன்னிரண்டு கோழிக்குஞ்சு எடுத்தாள். கூட்டில் நாலு பக்கமும் காற்றுக்கு வழி விட்டு, கீழே காய்ந்த மானாப்புல் போட்டிருந்தாள். ஒன்றுகூட இருமவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு, கொரட்டியின் வாசற்படியில் மூடிபோட்ட சட்டி ஒன்று இருந்தது. கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் போட்டது. முப்பது வருடமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்ட அஞ்சலினின் கைப்பக்குவம். சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். தட்டில் சோறு போட்டாள். அகப்பையைக் குழம்பில் விட்டவள், எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

நல்ல வாசனை. புளியும் கருவாடும் சரியாகச் சேர்ந்திருந்தது. கெட்டுப்போன வாடை எதுவும் இல்லை.

இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள்.