மூன்று ஐஸ் கட்டிகள்

எங்கள் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை கூட்டம் நடக்கும். உதவி கேட்டு வரும் குடும்பங்களை எப்படிச் சோதிப்பது என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதா, சொல்லாமல் போய் நிற்பதா? துணி துவைக்கும் மெஷின் வைத்திருப்பவரை ஏழை என்று சொல்லலாமா, கூடாதா? கேள்வி கேட்காமல் கொடுத்தால் ஊரே வரிசையில் வந்து நிற்கும் என்கிறது ஒரு கட்சி. இல்லாதவரிடம் போய் இல்லை என்று காட்டு என்று கேட்பது பாவம் என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் நல்லவர்கள்தான் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் ஒன்றாகப் போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரெக் குடிப்பார்கள். நான் குறிப்பெடுப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். பதினோரு வருடமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த விவாதத்தை ஒன்பது வயதிலேயே நான் முழுதாகக் கேட்டு முடித்துவிட்டேன். அதுவும் எங்கள் வீட்டுக் கூடத்தில், இதைவிடச் சத்தமாக.

அப்போது நாங்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில், ஆறாவது மாடியில் இருந்தோம். அப்பா ஜுருவில் ஒரு கம்பெனிக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதி முதலில் அவருடைய கால்விரல் ஒன்றை எடுத்தது. பிறகு முட்டிக்குக் கீழே இடது காலையே எடுத்துக்கொண்டது. கால் போன மாதமே வேலையும் போனது. அம்மா லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலாக் கடையில் பொட்டலம் கட்டப் போனார். சாயங்காலம் வீட்டுக்குள் அவர் நுழைவதற்கு முன்னால் மல்லித்தூள் வாசம் நுழையும். அவர் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருந்தது. அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக டாக்சி வைக்க வேண்டியிருந்த வாரங்களில் அதுவும் சரியாக இருக்கவில்லை. டாக்சி இல்லாத வாரம் அப்பா போகமாட்டார். போகாததால் மிச்சமிருந்த காலிலும் புண் வந்திருந்தது.

அதனால்தான் அம்மா அரசாங்க உதவிக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பினார். இரண்டு முறை ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை ஒரு கடிதம் வந்தது. வருகிற புதன்கிழமை அதிகாரிகள் வீட்டைப் பார்க்க வருவார்கள் என்று அதில் இருந்தது. எத்தனை மணிக்கு என்று இல்லை.

கடிதம் வந்த அன்றே அத்தைக்குச் செய்தி போய், மறுநாள் அவர் தாசேக் கெலுகோரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். அத்தை அப்பாவுக்கு அக்கா. அவரும் ஒருமுறை இதேபோல மனுப்போட்டு, வீட்டில் டிவி இருந்த குற்றத்துக்காக மறுக்கப்பட்டவர். ஆகவே இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்திலேயே படித்தவர் அவர்தான். உள்ளே வந்து செருப்பைக் கழற்றியவர் உட்காரக்கூட இல்லை. வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பார்வை ஐஸ்பெட்டியில் வந்து நின்றது.

“இத மொதல்ல தூக்கிப் பக்கத்து வீட்ல வைங்க” என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஜவுளிக்கடையில் வேலை. நாட்டு நடப்பு எல்லாவற்றிலும் அவருக்குக் கருத்து உண்டு. அந்த ஐஸ்பெட்டியைப் பழைய சாமான் விற்கும் இடத்தில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அப்பாவின் ஊசி மருந்து கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வாங்கியது. மருந்து போக மிச்ச இடத்தில் தண்ணீரும் என் ஐஸ் தட்டும் இருந்தன.

“மருந்து வைக்கத்தான் பெட்டின்னு சொல்லுங்கக்கா. படிச்சவங்க, புரிஞ்சுக்குவாங்க” என்றார் மாமா.

“என் டிவி கோயில்ல குடுத்ததுன்னு நானும் சொன்னேன் தம்பி. நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. தலைய ஆட்டுனாங்க. அப்புறம் டிவி இருக்குன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.”

“அதுக்காகப் பொய் சொல்லி வாங்கறதா? இப்படி ஆளாளுக்கு மறைக்கப் போய்த்தான் அவங்க வீடு வீடா வந்து தோண்டுறாங்க.”

“அவங்க பாக்க வர்றது நம்ம கஷ்டத்த இல்ல லா. நம்ம சாமானத்தான்.”

இப்படியே போனது. அரசாங்கம் சும்மா கொடுத்தால் மனிதன் சோம்பேறியாகிவிடுவான் என்று மாமா ஒரு இடத்தில் சொன்னார். சோம்பேறியாவதற்கு என் தம்பிக்கு இன்னும் ஒரு கால்தானே பாக்கி என்று அத்தை கேட்டார். அதுவரை பேசாமல் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா, “என்னையும் தூக்கிப் பக்கத்து வீட்ல வெச்சிருங்க. ஒரு கால் இருக்குன்னு எழுதிடப் போறாங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கடையில் இருந்து வந்து, குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டே இரண்டு பக்கத்தையும் கேட்டார். கடைசியில், “தூக்கிடலாம். என்னால நாலாவது தடவ பாரம் எழுத முடியாது” என்று மட்டும் சொன்னார். அம்மாவின் குரலில் இருந்தது வெறும் அலுப்பு என்று இப்போது தெரிகிறது. என் மேசைக்கு எதிரே வந்து உட்காருபவர்களின் குரலில் அதைத் தினமும் கேட்கிறேன்.

புதன்கிழமை அம்மா கடைக்கு லீவு போட்டிருந்தார், எனக்குப் பள்ளி விடுமுறை. காலையில் மாமா வேலைக்குப் போகும் வழியில் வந்து, கடைசிவரை கூடாது கூடாது என்று சொல்லிக்கொண்டே, ஐஸ்பெட்டியின் கனமான பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தன் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, மின்சாரமும் கொடுத்தார். கொடுத்த கையோடு தன் வீட்டு உப்புமீனையும் எங்கள் பெட்டியில் வைத்துக்கொண்டார். பெட்டி நகர்ந்த இடத்தில் தரை சதுரமாக வெளுத்திருந்தது. தொலைந்துபோன என் கிளிப் ஒன்றும் அங்கே கிடந்தது. அத்தை கிளிப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, வெளுத்த இடத்தின்மேல் அரிசி வாளியை இழுத்து வைத்தார். மாமா இனி இங்கே இருக்கமாட்டேன் என்று கடைக்குப் போய்விட்டார்.

“யாராச்சும் கேட்டா, ஐஸ்பெட்டி இல்லன்னு சொல்லணும். கேக்கலன்னா வாயத் தொறக்கக் கூடாது.” இது எனக்கு அத்தை சொன்ன பாடம். நானும் ஒப்பித்துக் காட்டினேன்.

ஆனால் எங்கள் வீட்டில் எனக்கு வேறொரு பாடம் ஏற்கெனவே இருந்தது. யாராவது வந்து உட்கார்ந்தால், ஒருவரும் சொல்லாமலே சிவப்புச் சர்பத்தான சிரப்பைக் கலக்கிக் கொண்டுவந்து நீட்ட வேண்டும். என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது, கேட்டால் யாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பது அம்மாவின் சட்டம். ஏழு வயதிலிருந்து அது என் வேலை. அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எல்லாவற்றையும் யோசித்த அத்தை இதை யோசிக்கவில்லை.

அதிகாரிகள் மதியம் மூன்று மணிக்கு வந்தார்கள். லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. ஆறு மாடி ஏறி, வியர்வையில் நனைந்து வாசலில் நின்றார்கள். ஒருவர் தமிழர், ஐம்பது வயது இருக்கும். அவரைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தில் லேசான தெம்பு வந்தது. அத்தை முகம் இன்னும் இறுகியது. நம்மாளுக்குத்தான் நம் வீட்டு மூலைமுடுக்கெல்லாம் தெரியும் என்பது அத்தையின் கணக்கு. இன்னொருவர் மலாய்ப் பெண், சின்ன வயது. அக்கா என்பதற்கு அவர்கள் சொல்வதுபோல நாங்களும் அவரை காக் என்றோம்.

அந்தத் தமிழ் அதிகாரியைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்ல எனக்கு மனமில்லை. மரியாதையாகப் பேசினார். செருப்பை வெளியே கழற்றினார். அம்மாவை அழைத்துக்கொண்டு அறை, குளியலறை, சமையலறை என்று வரிசையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். எப்போதோ யாரையோ நம்பிக் கையெழுத்துப் போட்டு, மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அப்படி ஒருமுறை வாங்கியவர்கள் பிறகு எல்லா வீட்டிலும் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன்.

காக் கூடத்தில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். மலாயில் மெதுவாகக் கேள்விகள் கேட்டார். கால் எப்போது எடுத்தார்கள், ஊசி யார் போடுகிறார்கள் என்பது வரை அப்பா பதில் சொன்னார். ஊசி மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. லோரியில் நாடு முழுக்கச் சுற்றியவர், எங்களைவிட நன்றாக மலாய் பேசுபவர், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதற்குள் பின்னால் போய்ச் சிரப் கலக்கிவிட்டேன். இருப்பதிலேயே நல்ல கிளாஸை எடுத்திருந்தேன். வெயிலில் ஆறு மாடி ஏறி வந்தவருக்கு வெறும் குழாய்த் தண்ணீர்ச் சிரப்பா? பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். எங்கள் ஐஸ்பெட்டி அங்கே ஆன்ட்டியின் பெட்டியை உரசிக்கொண்டு நின்றது. அதன் கதவில் என் பெயர் எழுதிய ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன. ஐஸ் தட்டை முறுக்கி, மூன்று கட்டிகளை எடுத்துக் கிளாஸில் போட்டுக்கொண்டு வந்தேன். நான் பொய் சொல்லவில்லை. பெட்டி எங்கள் வீட்டில் இல்லை. ஐஸ் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. யாராவது கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் அந்த அதிகாரி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்.

தட்டில் வைத்து நீட்டினேன். ஐஸ் கிணிங்கென்று இடித்தது. சுவரோரம் நின்றிருந்த அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். காக் கிளாஸைப் பார்த்தார். அரிசி வாளியையும் அதைச் சுற்றி வெளுத்துத் தெரிந்த தரையையும் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சமையலறையில் இருந்து அந்த அதிகாரியின் குரல் கேட்டது. “ஐஸ்பெட்டி ஒண்ணும் இல்லையாம்மா?”

“இல்லீங்க சார்” என்றார் அம்மா. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

காக் கிளாஸை வாயில் கவிழ்த்து ஒரே மூச்சில் குடித்தார். ஐஸ் மட்டும் அடியில் நின்றது. ஒரு கட்டியை வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தார். அது முடிவதற்குள் இரண்டாவது. உள்ளே செருமல் சத்தம் கேட்டதும் மூன்றாவதையும் போட்டுக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. கண்ணில் நீர் வந்துவிட்டது. பெரிய மனுஷி ஒருவர் இப்படி ஐஸ் தின்று நான் பார்த்ததில்லை.

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். காலிக் கிளாஸைப் பார்த்தார். “எனக்கும் கொஞ்சம் தண்ணி குடு பாப்பா” என்றார். நான் திரும்புவதற்குள் அத்தை அந்தக் குண்டு உடம்போடு பாய்ந்து போய், குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மருந்து விவரம் கேட்டாச்சா என்று அவர் மலாயில் கேட்க, காக் வாய் திறக்காமல் தலையை ஆட்டினார். பிறகு குனிந்து எதையோ எழுதினார். இருவரும் அடுத்த மனுக்காரரின் மாடிப்படி ஏறப் போய்விட்டார்கள்.

அவர்கள் போனதும் அத்தை என்னை அடிக்கக் கை ஓங்கினார். “விடுக்கா” என்றார் அப்பா. நல்ல கிளாஸை எடுத்ததற்குத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து உதவி கிடைத்ததாகக் கடிதம் வந்தது. பெட்டியைத் தூக்கியதால்தான் கிடைத்தது என்றார் அத்தை. உண்மையான கஷ்டத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள், தூக்கியிருக்கவே வேண்டாம் என்றார் மாமா. அடுத்த தீபாவளிவரை இந்த விவாதம் நடந்தது. ஐஸ்பெட்டி வீட்டுக்குத் திரும்பியபிறகும் வெகுநாள் உப்புமீன் வாசம் அடித்தது. அப்பா ஒழுங்காக மருத்துவமனைக்குப் போனார். மிச்சமிருந்த அந்தக் கால் கடைசிவரை அவருக்கு இருந்தது.

எங்கள் கூட்டத்தில் போன மாதமும் வீட்டுச் சாமான் கட்டத்தைப் பாரத்தில் வைப்பதா எடுப்பதா என்று பேசினார்கள். கட்டம் அப்படியே இருக்கிறது. எந்த வீட்டில் என்ன கொடுத்தாலும் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். விதி அப்படி என்று காரணம் சொல்கிறேன். உண்மையில் எனக்குப் பயம்தான். அந்த காக்கிற்கு இருந்த தைரியம் எனக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அப்போது இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? பாவம், ஐஸையே பார்க்காதவர்போல் தின்றாரே என்று மாடி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கடிதம் வந்த அன்று அப்பா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். “அந்த காக் ஐஸ் தின்னாங்களே, எப்படி? செஞ்சு காட்டு” என்றார். நான் வாயை மூடிக் கன்னத்தை உப்பவைத்து, கடக் கடக்கென்று பல்லைக் கடித்துக் காட்டினேன். அப்பா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை என்றார். நான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இந்தத் தடவை கன்னத்தை இன்னும் பெரிதாக உப்பவைத்தேன்.