பொம்பிளை வீடியோ

அண்ணாவுக்கு வவுனியா நகரில் ஒரு வீடியோக் கடை இருந்தது. கடை என்றவுடன் கண்ணாடிக் கதவையும் பெயர்ப்பலகையையும் நினைக்கவேண்டாம். சைக்கிள் திருத்தும் கடை ஒன்றுக்கு மேலே, மரப்படி ஏறிப் போகவேண்டிய ஒற்றை அறை. அதற்குள் தோளில் தூக்கி வைத்து எடுக்கும் பெரிய கமரா ஒன்று, கண்ணைக் கூசவைக்கும் லைற் இரண்டு, நீலத் திரைச்சீலை, ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு முகப்பவுடர் டின். கல்யாணவீடு, பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்தியவீடு, திருவிழா எல்லாவற்றுக்கும் போவார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பொம்பிளை வீடியோதான்.

அது என்னவென்று எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். சண்டைக் காலத்தில் மாப்பிள்ளைகள் எல்லாரும் கனடாவிலும் சுவிஸிலும் இருந்தார்கள். பெண்பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். வந்து பார்த்துப் போக வழியில்லை. சாதகம் பொருந்திவிட்டால் அடுத்ததாக வீடியோ கேட்பார்கள். படத்தை மட்டும் நம்பமாட்டார்கள். பிள்ளை நொண்டாமல் நடக்கிறாளா, திக்காமல் கதைக்கிறாளா என்று பார்க்கவேண்டுமே. ஆகவே தாய்மார் தங்கள் மகள்களை மூன்று சேலைகளோடு அண்ணாவின் மரப்படியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

எல்லா வீடியோவும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பிள்ளை குத்துவிளக்கு ஏற்றுவாள், பூச்சாடியில் பூ வைப்பாள், கோயில் வீதியில் தலைகுனிந்து நடப்பாள். தன் பெயரையும் படிப்பையும் சொல்லுவாள். பின்னாலே ஒரு சினிமாப் பாட்டு ஓடும். கடைசியில் ஒரு றோசாப்பூ விரிய, அதற்குள் அவள் முகம் வரும். இதெல்லாம் யாரும் செய்யக்கூடியது. அண்ணாவின் கெட்டித்தனம் நிறத்தில் இருந்தது. அந்த இரண்டு லைற்றையும் பவுடரையும் வைத்துக்கொண்டு கறுப்பைப் பொதுநிறமாக்குவார், பொதுநிறத்தை வெள்ளையாக்குவார். தன் லைற்றுக்கு முன்னால் இருந்த ஒரு பிள்ளையும் வீட்டில் தங்கவில்லை என்று வாய் ஓயாமல் சொல்லித் திரிவார்.

நான் தங்கியிருந்தேன். நெளுக்குளத்தில் எங்கள் வீட்டில், முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துக்கொண்டு, இருபத்தொன்பது வயது வரைக்கும் தங்கியிருந்தேன். அப்பா இல்லை. எனக்கு ஒரு கல்யாணம் செய்து வைக்காமல் தான் செய்வதில்லை என்று அண்ணா முப்பத்தைந்திலும் தனியாக இருந்தார். அவருடைய தலை முன்பக்கத்தால் வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முடியும் என்னால்தான் கொட்டுகிறது என்பதுபோல அம்மா என்னைப் பார்ப்பா. நான் மட்டும் வேண்டாமென்றா சொன்னேன்?

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த அந்த வருடம் அண்ணா ஓடித் திரிந்தார். கமராவைத் துவாயில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓமந்தை தாண்டிப் போவார். ஆமி, புலிகள் என்று இரண்டு பக்கச் சோதனையிலும் பையைத் திறந்து கசற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டவேண்டும். கிளிநொச்சியில் கல்யாணம், முல்லைத்தீவுக் கரையில் மாதா கோயில் திருநாள், திரும்பி வந்து இரண்டு நாள் தூக்கம். அந்த உற்சாகத்தில்தான் என்னையும் பிடித்து லைற்றுக்கு முன்னால் இருத்தினார்.

நான் நல்ல கறுப்பு. அப்பாவின் நிறம். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டியபோது, குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்த வெள்ளைப் பிள்ளை யாரென்று எனக்கே விளங்கவில்லை. கொஞ்சம் குறைத்துப் போடும்படி கேட்டேன். தன் தொழிலைத் தனக்குப் படிப்பிக்க வேண்டாம் என்றார். அந்தத் தொழில் பாதை பூட்டிக் கிடந்த காலத்துக்கு உரியது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முந்தி வீடியோவைப் பார்த்தே முடிவெடுத்தார்கள். இப்போது பாதை திறந்துவிட்டது, பஸ் ஓடுகிறது, ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவேயில்லை.

முதலாவதாக யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையின் தாய் வந்தா. கனடாவில் இருக்கும் மகனுக்கு வீடியோவில் என்னை நன்றாகப் பிடித்துவிட்டதாம். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவா வாங்கினா, ஒரு வாய் குடித்தா, என் பின்னாலே கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தா. பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டா.

“இவா மூத்த மகளோ? வீடியோவில வந்த பிள்ளையை வரச் சொல்லுங்கோவன்.”

நான்தான் சொன்னேன், அது நான்தான் என்று. பாவம் அந்த மனுசி, அவாவுக்குப் புரைக்கேறிவிட்டது. கெட்ட மனுசியில்லை, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து என் கையைப் பிடித்துவிட்டுத்தான் போனா. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இரண்டாவது ஆள் சுவிஸிலிருந்து நேரேயே வந்தார். அதற்கென்று அண்ணா புது வீடியோ எடுத்திருந்தார். குறைத்து எடுக்கிறேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துதான் எடுத்தார். கை கேட்டால்தானே? லைற்றைப் போட்டதும் அவருக்குப் பழக்கம் வந்துவிடும். வந்தவர் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார், ருசியென்று சொன்னார், என்னை இரண்டு தரத்துக்கு மேல் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொழும்புக்குப் போய் அங்கிருந்து சாதகம் பொருந்தவில்லை என்று அறிவித்தார். சாதகம் பொருந்தியபிறகுதானே வீடியோவே அனுப்பினது.

எனக்கு வந்த விசர்க்கோபத்துக்கு அளவில்லை. அலுமாரியில் இருந்த இரண்டு கசற்றையும் எடுத்து, உள்ளே இருந்த நாடாவை உருவி, வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்திக்கு மேலே குருவி வராமல் குறுக்கும் நெடுக்கும் கட்டிவிட்டேன். காற்றடிக்கப் பளபளவென்று மின்னியது. வேலையால் வந்த அண்ணா கிணற்றடியில் கால் கழுவும்போது அதைக் கண்டார். ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன். பேசாமல் போய்ப் படுத்தது என்னை இன்னும் சுட்டது. இவ்வளவுக்கும் அவர் என்மேல் வைத்த ஆசையில்தானே எடுத்தார்.

பாதை திரும்பவும் பூட்டப்படுவதற்கு முந்திய வருடம், நோர்வேயில் கல்யாணம் முடித்த என் மச்சாள் லீவில் வந்தாள். எங்கள் மாமாவின் மகள், என் வயதுக்காரி, சின்னனில் என்னோடு சண்டை பிடித்து என் தலைமயிரைப் பிடுங்கினவள். அவளுடைய கைப்பைக்குள் ஒரு கமரா இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். பக்கத்தில் சின்னக் கதவு மாதிரி ஒன்றைத் திறந்தால் எடுக்கிற படம் அதிலேயே தெரியும். அண்ணா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளைகள் விளையாடுகிற சாமான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அவளோடு பளைக்குப் போனேன். மாமாவும் மாமியும் திரும்பிப் போய்த் தங்கள் தென்னங்காணியில் ஒரு கொட்டில் போட்டிருந்தார்கள். ஷெல்லடியில் பாதி மரங்களுக்குத் தலையில்லை. வேலிக்கு அப்பால் கண்ணிவெடி எடுக்காத நிலம், அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை. மச்சாள் இருந்த இடம் நின்ற இடமெல்லாம் கமராவும் கையுமாகத் திரிந்தாள். கிணறு, மாமியின் கை, காய்கிற உடுப்பு என்று எதையும் விடவில்லை. எனக்கு அண்ணாவின் நினைவு வந்துவிட்டது. மாமியின் ஆட்டுக்குட்டி ஒன்றைப் பிடித்து, அதன் நாடியைத் தூக்கி, அண்ணாவின் குரலிலேயே தொடங்கினேன்.

“பிள்ளை, நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ. சிரியுங்கோ. பல்லுத் தெரியாமல் சிரியுங்கோ. மாப்பிளை கனடாவில இருந்து பாக்கிறார், அசையாதேங்கோ.”

குட்டி என் பாவாடை நுனியைக் கவ்வி இழுத்தது. நான் குந்தின இடத்திலேயே விழுந்தேன். எழும்ப முடியாமல் சிரித்தேன். பிறகுதான் மச்சாள் எடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, நிப்பாட்டடி என்று கத்தி, கையில் அகப்பட்ட தென்னங்குரும்பட்டியை அவளுக்கு எறிந்தேன். அவ்வளவும் அதில் பதிந்துவிட்டது.

போகுமுன் அவள் அதை அண்ணாவின் கடை ரீவியில் வயரால் பூட்டிப் போட்டுக் காட்டினாள். நான் மாட்டேனென்றேன், கேட்கவில்லை. ஆட்டுக்குட்டியின் இடம் வந்ததும் எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அவருடைய தொழிலை அவருடைய கடையிலேயே அவருக்கு முன்னால் நெளித்துப் பகிடி பண்ணுகிறேன். அண்ணா கடைசிவரைக்கும் பார்த்தார். படம் ஆடுகிறது என்றார். சூரியன் பின்னால் நிற்கிறது, முகம் இருண்டுபோய் வந்திருக்கிறது என்றார்.

“அத்தான், அவள் அப்பிடித்தானே இருக்கிறாள்” என்றாள் மச்சாள்.

அண்ணா தேத்தண்ணி குடிக்கவென்று கீழே இறங்கிப் போனார். கெதியாகத் திரும்பி வரவில்லை.

அந்த வருடத்துக்குள்ளேயே அவருடைய வேலை குறைந்துவிட்டது. சொல்லி வைத்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. வெளிநாட்டிலிருந்து வருகிற சித்தப்பாவோ பெரியம்மாவின் மகனோ சின்னக் கமரா கொண்டுவருகிறார், நீங்கள் வரவேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கோ என்பார்கள். அவர் போன வீடுகளிலும் தாலி கட்டும் நேரத்தில் நாலு பேர் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஐயரையே பொறுக்கச் சொல்லி, மாப்பிள்ளையைத் திரும்பத் தாலியைத் தூக்கச் சொல்லி எடுக்கிற மனுசனை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவை அடித்துச் சாத்துவார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

கடைசியில் மற்றவர்கள் எடுத்ததைச் சீடியில் கொப்பி பண்ணிக் கொடுப்பதே அவருடைய தொழிலாகிவிட்டது. நாள் முழுக்க அந்த ஆடுகிற படங்களுக்கு முன்னால் இருப்பார். பாதிச் சுவர், யாரோ ஒருவரின் செருப்பு, கமரா பிடித்தவரின் இருமல். முதலில் புறுபுறுத்துக்கொண்டுதான் இருந்தார். பள்ளிக்கூடம் முடிந்து நான் சாப்பாடு கொண்டுபோகும்போது மெல்ல மெல்ல வேறு மாதிரிக் கதைக்கத் தொடங்கினார். இஞ்ச வந்து பார், இந்த மனுசி குசினிக்குள்ள தனிய நிண்டு பாட்டுப் படிக்கிறதை என்பார். திருப்பிப் போட்டுக் காட்டுவார். தன்னுடைய கல்யாண வீடியோக்களில் ஒருவரும் குசினியில் பாடியதில்லை என்று ஒருநாள் சொன்னார். நான் சோற்றைப் பிரித்துக் கொடுத்தேன்.

அப்படியிருக்க நோர்வேயிலிருந்து மச்சாள் போன் எடுத்தாள். அவளுடைய மனுசனின் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார், ரீவியில் பளைப் படம் ஓடியிருக்கிறது. ஆட்டுக்குட்டியோடு விழுந்தது யாரென்று கேட்டாராம். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாராம். கல்யாணம் ஆகவில்லையென்றால் வந்து பார்க்கலாமோ என்று கேட்கிறார். சாதகமும் கேட்கவில்லை, படிப்பும் கேட்கவில்லை. சந்தோசமென்று சொல்லமாட்டேன், பயம். இன்னொரு தரம் ஒருவர் என் பின்னாலே கதவை எட்டிப் பார்த்தால் நான் தாங்கமாட்டேன் என்று இருந்தது.

அம்மாவுக்கு வேறு கவலை. மண்ணும் புழுதியுமாக, தலைமயிர் வாரி இழுக்காமல் நிற்கிற மகளையா மாப்பிள்ளை பார்த்தது? அவர் வெளிக்கிட முதல் நல்ல வீடியோ ஒன்றை எடுத்து அனுப்பிவிடு தம்பி என்று அண்ணாவைக் கெஞ்சினா. அண்ணா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வேண்டாம் என்றார். அம்மா ஏனென்று கேட்டதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

பாதை பூட்ட முதலே அவர் வந்தார், பளையிலிருந்து மாமிதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தா. உயரமான, கொஞ்சம் கூனின மனுசன், கதிரை நுனியில் இருந்தார். நான் பவுடர் பூசவில்லை, வேண்டுமென்றேதான் பூசவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுபோகும்போது தட்டில் பாதி சிந்திவிட்டது. அண்ணா குசினி வாசலில் பிஸ்கற் தட்டோடு நின்றார். 

அவர் எழும்பி நின்று வாங்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை.

“வீடியோவில பாத்த மாதிரியே இருக்கிறியள்” என்றார்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? இந்த ஒரு வசனத்துக்காக இந்த வீட்டில் எத்தனை வருடம் காத்திருந்தோமென்று அவருக்கு யார் சொன்னது? அவர் பாட்டுக்கு அண்ணாவின் பக்கம் திரும்பி, மரியாதையாகக் கேட்டார்.

“அண்ணை வீடியோ எடுக்கிறவர் எண்டு சொன்னவை. அது நீங்கள் எடுத்ததோ?”

நான் அண்ணாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இல்லைத் தம்பி” என்றார் அண்ணா. “நான் ரெண்டு தரம் எடுத்தனான். ரெண்டிலயும் என்ர தங்கச்சி இல்லை.”

பிஸ்கற் தட்டை அவருக்குப் பக்கத்தில் வைத்தார். தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ என்றார்.