ஒரு பக்கம் மட்டும் பிடித்த ரவிக்கை

செய்தி வந்தபோது சிங்கப்பூர் ஈசூனில் என் வீட்டில் இருந்தவர்கள்: லலிதா, லலிதாவின் மாமியார், ஜெயந்தி டீச்சர், நான். நால்வர். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு விளக்கேற்றியாகிவிட்டது. ருக்மணி அக்காவின் மகள் போனில், "அம்மா போயிட்டாங்க ஆண்ட்டி" என்றாள். பூசையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று மாமியார் சொன்னதால் தீபாராதனை வரை முடித்தோம். என்ன பாடினோம் என்று எனக்கு நினைவில்லை. அன்று வராத நம் பூசைக் குழுவினருக்காகவும், அக்காவிடம் துணி தைக்கக் கொடுத்த எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

தேக்கா சந்தை மாடியில் இருந்த அவர் தையல் கடையை மறக்க முடியுமா? அளவெடுக்கும்போது நாம் வயிற்றை எக்கினால், "மூச்ச விடுங்கம்மா, இதப் போட்டுக்கிட்டுச் சாப்பிட வேணாமா?" என்பார். குழுவின் வரவு செலவு எழுதுவதால் என்னை "ஆடிட்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். மார்பகப் பரிசோதனைக்குப் போக நாம் கூச்சப்பட்டு நின்றபோது அவர்தான் முதலில் போய்வந்தார். "நான் பாஸ் லா! நீங்கள்லாம் எப்பப் பரீட்சை எழுதப் போறீங்க?" என்று கேலி செய்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் நான் கடைக்குப் போனபோது தன் ரவிக்கையையே பிரித்துக்கொண்டிருந்தார். இடது பக்கத் தையலை மட்டும்.

"என்னக்கா, ஒரு பக்கம் மட்டும்?"

"அந்தப் பக்கந்தான் பிடிக்குது. சூட்டு உடம்பு, செவந்து கெடக்கு. சந்தனம் போட்டிருக்கேன், பார்லித் தண்ணி குடிக்கிறேன்."

"கட்டி ஏதும்..."

"கட்டியெல்லாம் இல்ல. நல்லாத் தடவிப் பார்த்துட்டேன்."

கட்டி இல்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதே ரவிக்கையை மறுபடியும் பிரித்தபோதுதான் மகள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் என்றார் டாக்டர். பெரும்பாலும் கட்டியாகத் தெரியாதாம். சிவப்பும் வீக்கமுமாக வந்து, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிவிழுமாம். வேகமாகப் பரவுமாம். துணைக்கு நானும் போயிருந்தேன். எங்கே பிறந்தீர்கள், எத்தனை வயதில் கல்யாணம், எத்தனை பிள்ளைகள் என்று அந்த டாக்டரம்மா கேட்டுக்கொண்டே போக, அக்கா என் பக்கம் திரும்பி, "பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்குறாங்க லா" என்றார். இந்த நோய் எல்லா ஊரிலும் ஒரே அளவில் வருவதில்லை, அதனால்தான் கேட்கிறார்கள் என்று மகள் விளக்கினாள். அக்கா விடவில்லை. "நான் பொறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், பொழைச்சது இங்க. என்னைய எந்த ஊர்க் கணக்குல எழுதுவாங்க? கேளு." டாக்டர் சிரிக்கவில்லை. தங்களுக்கும் அதுதான் தெரியவேண்டும் என்றார்.

அந்தப் பதில் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. நூலகத்தில் தேடினேன். ஆங்கிலத்தில் இருந்ததை மகனைப் படித்துச் சொல்லச் சொன்னேன். வட ஆப்பிரிக்கப் பக்கம் அதிகம், வேறு பல இடங்களில் மிகக் குறைவு என்கிறார்கள். ஏன் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. நம் பக்கத்தைப் பற்றிச் சொன்னது அதைவிடக் கொஞ்சம். குறைவாக வருகிறதா, குறைவாகக் கண்டுபிடிக்கிறார்களா? சந்தனத்துக்கு அடியில் இருப்பதை யார் எண்ணுவார்கள்? முருகன் முன்னால் கண்ணை மூடி நின்றாலும் இதே கேள்விதான் வந்தது.

கருமாதிக்கு அக்காவின் தங்கை செல்வி ஊரிலிருந்து வந்திருந்தாள். அக்காவின் ரவிக்கை ஒன்றைப் போட்டுப் பார்த்தவள் என்னிடம் வந்து, "வலது பக்கம் பிடிக்குதுக்கா. கொஞ்சம் பிரிச்சு விடலாமா? சூடு போல இருக்கு" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். சிவப்பு. அதன்மேல் காய்ந்த சந்தனம்.

மறுநாளே அவளுக்கு விமானம். ஊரில் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்களாம். மாத்திரை தீர்ந்தும் சிவப்பு போகவில்லை என்று நேற்றுப் போனில் சொன்னாள். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கவேண்டும், தாமதிக்கக் கூடாது என்று அக்காவின் டாக்டரும் சொல்லிவிட்டார். செல்வியின் கணவரோ, "நெல் அறுப்பு முடியட்டும்" என்கிறார். அவளுக்கும் தனியாகப் போகப் பயம், ஆண் டாக்டர் என்றால் கூச்சம். "எழுதுங்கக்கா, யாராச்சும் கூட வந்தா நான் போறேன்" என்று அவளே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

டாக்டர் நோயைச் சொன்ன அன்று ஆஸ்பத்திரியில் அக்கா கடைசியாகக் கேட்டது, "நான் பொழைப்பேனா?" மகள் அதை ஆங்கிலத்தில் சொல்ல மறுத்தாள். அக்கா டாக்டரின் முழங்கையைத் தொட்டு, தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் தானே கேட்டார். அக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அதுதான், வாய்விட்டுக் கேட்பது.

எனவே கேட்கிறேன். உங்களில் யாருக்காவது தஞ்சாவூரிலோ பக்கத்திலோ அக்கா, தங்கை, நாத்தனார் யாரேனும் இருக்கிறார்களா? செல்வியை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், சோதனை முடியும்வரை கூட இருக்க ஒரு பெண் வேண்டும். இருந்தால் அடுத்த பூசைவரை காத்திருக்காமல், இன்றோ நாளையோ எனக்குப் போன் செய்யுங்கள். இல்லையென்றாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.