ஃப்ரீசருக்குள் போன பனிவண்டி

லிஃப்ட்டுக்காரருக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷமாக அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்க்கிறார். குடியிருப்பது என்னவோ தரைத்தளத்தில். போகுமிடமெல்லாம் அவர் காதில் விழுவது ஒரே புகார்: “இவ்வளவு நேரம் ஓடல சார், நீங்க வந்ததும் ஓடுது பாருங்க.” தலையாட்டுவாரே தவிர நம்ப மாட்டார். இயந்திரம் பொய் சொல்லாது, அதன் பக்கத்தில் நிற்பவர்கள்தான் சொல்வார்கள் என்பது அவருடைய சித்தாந்தம்.

அவரிடம் ரிமோட்டில் ஓடும் பனிவண்டி ஒன்று உண்டு. முழங்கை நீளம்; முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் பல்லுப் பல்லாக ஒரு ரப்பர் பட்டை. பொம்மை என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும், ‘மாடல்’ என்று திருத்துவார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பட்டையில் ஒட்டிய பனியைப் பழைய பல் பிரஷால் சுரண்டி எடுப்பார். சறுக்குக் கட்டையைக் கவிழ்த்துப் போட்டுக் கீறல் தேடுவார். பேட்டரியைக் கழற்றித் துண்டில் சுற்றி வைப்பார். மனைவியின் பிறந்தநாளை இரண்டு முறை மறந்திருக்கிறார். பேட்டரிக்குத் துண்டை ஒருமுறையும் மறந்ததில்லை.

விளையாட்டுத் திடலைப் பனி மூடியதும் ஞாயிறு காலைகளில் ஆறு பேர் வண்டியோடு கூடுவார்கள். கூட்டத்தைச் சேர்த்தவர் இவர்தான். விதியை எழுதியவரும் இவர்தான்: தொடர்ந்து மூன்று வாரம் மூன்று சுற்றை முடிக்காத வண்டிக்கு அந்தப் பனிக்காலம் முழுக்க இடமில்லை. அடிக்கடி நடுவழியில் படுத்துவிடும் சலூன்காரர் வண்டியை மனதில் வைத்து எழுதியது. எழுதிய நாளிலிருந்து அது ஒருமுறையும் நிற்கவில்லை. நிற்பது இவருடையது. போன இரண்டு ஞாயிறும் இரண்டாவது சுற்றில் முனகிக்கொண்டே நின்றுபோனது. மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் வண்டியை ஏற்றிவைத்து ஆராய்ந்தார். பேட்டரியை மாற்றினார், ஒயர்களை ஆட்டிப் பார்த்தார், ரிசீவரைக் கழற்றி மாட்டினார். ரிமோட்டை அழுத்தினால் பட்டை பேய்போலச் சுழன்றது. மூன்று மணி நேரம் தேடியும் குறை அகப்படவில்லை. “இங்க நல்லாத்தானே ஓடுது” என்று முணுமுணுத்தார்.

மனைவி காதில் அது விழுந்தது. மீன் பெட்டிகள் அடுக்கும் குளிர்கிடங்கில் பதினான்கு வருஷமாக மேற்பார்வையாளர் அவர். வீட்டுக்கு வந்த பிறகும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை.

“லிஃப்ட்டுக்காரர் வந்தா ஓடிடும்னு எல்லாரும் சொல்றது உண்மைதான் போல” என்றார். “சரி, எங்க நிக்குது?”

“திடல்ல.”

“அப்புறம் எதுக்கு அடுப்புப் பக்கத்துல வச்சுப் பார்க்கறீங்க?”

மனைவி ஃப்ரீசரைத் திறந்து பட்டாணியையும் மீனையும் வெளியே எடுத்து வைத்து, வண்டிக்கு இடம் பண்ணினார். லிஃப்ட்டுக்காரர் மறுத்தார், மின்சாரப் பொருளை அப்படியெல்லாம் வைக்கக்கூடாது என்று நீளமாகச் சொன்னார். பனியில் ஓட்டுகிற வண்டிக்கு ஃப்ரீசர் குளிருமா என்று மனைவி கேட்டதும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே எடுத்து ரிமோட்டை அழுத்தினார்கள். பட்டை தயங்கித் தயங்கி நகர்ந்தது. ஒரு நிமிஷத்தில் மோட்டார் சுட்டது, அடுத்த நிமிஷத்தில் வண்டி நின்றது. கடைசியில் குறை வீட்டுக்குள் வந்துவிட்டது.

பல்சக்கரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கிரீஸ் மெழுகுபோல உறைந்து கிடந்தது. பத்து பேரைச் சுமக்கும் லிஃப்ட்டின் தண்டவாளத்துக்குப் பூசுகிற கெட்டி கிரீஸ். பனிக்காலத் தொடக்கத்தில், இருப்பதிலேயே உயர்ந்தது என்று அவரே விரலால் அள்ளி அப்பியது. வேறு யார் தலையிலும் போட வழியில்லை.

“எங்க கிடங்குலயும் ஒரு புண்ணியவான் கதவு உருளைக்கு இதைத்தான் போட்டாரு” என்றார் மனைவி. “கதவைத் திறக்க நாலு பேர் வேணும்.” குளிருக்கென்றே தயாராகும் இளகின கிரீஸ் ட்யூப் ஒன்று அவர் கைப்பையில் இருந்தது. லிஃப்ட்டுக்காரர் சக்கரப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்து, பட்டாணி அளவு வைத்தார். கொஞ்சம் கூடுதலாக வைக்கப் போன கையை மனைவி ஒரு பார்வையிலேயே நிறுத்தினார். மறுபடி ஒரு மணி நேரம் ஃப்ரீசர். இந்தமுறை பட்டை தயங்கவில்லை.

ஞாயிறு காலை சலூன்காரர் சீக்கிரமே வந்து, திடல் வாசலிலேயே நின்று வணக்கம் சொன்னார். அவ்வளவு மரியாதை வழக்கமில்லை. வண்டிகள் புறப்பட்டன. இரண்டாவது சுற்றின் வளைவில், வழக்கமாக நிற்கும் இடத்தில், லிஃப்ட்டுக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். வண்டி அந்த இடத்தைக் கடந்தது. மூன்றாவது சுற்றையும் முடித்தது. ஐந்தாவது இடம், ஆறாவதாக வந்திருக்க வேண்டிய, அவருடைய மச்சானின் வண்டி கம்பத்தில் மோதிக் கவிழ்ந்திருந்தது.

சலூன்காரர் கிட்டே வந்தார். “என்ன கோளாறு சார் இருந்துச்சு?”

பேட்டரி என்று சொல்லிவிடலாம்; யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. லிஃப்ட்டுக்காரர் கொஞ்ச நேரம் கையுறையைச் சரிசெய்தார்.

“நான்தான்” என்றார். “கண்டுபிடிச்சது வீட்டுல.”

அப்படியென்றால் அவங்களையும் குழுவில் சேர்த்துக்கொள்ளலாமே என்று சலூன்காரர் சொன்னார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். தனக்கே சற்று முன்புதான் இடம் உறுதியான லிஃப்ட்டுக்காரர் திடலை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆறு வண்டிக்கு மேல் தாங்காது என்றார்.

வீட்டில் மனைவி கேட்டபோது, ஐந்தாவது என்று மட்டும் சொன்னார்.

“எத்தனை பேர்ல?”

“நிக்கலைல்ல, அதைப் பாரு.”