பூரணியின் காலை ஊசி

என் பெண்டாட்டி பூரணியை வேறொருவன் தொட்டால் எனக்குப் பொறுக்காது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வளையல்காரன் அவள் கையைப் பிடித்து வளையல் போட்டதற்கே ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு, 1957ஆம் ஆண்டு, அவளை ஒருவர் தினமும் தொட்டே ஆகவேண்டிய நோய் வந்து சேர்ந்தது.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் அவள் கொழுந்தெடுத்தாள். எனக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடம், அவளுக்கு இருபத்திரண்டு வயது. திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். என் பங்கு ரொட்டியையும் சேர்த்துத் தின்றாள், ஆனாலும் எலும்பும் தோலுமாகப் போனாள். டவுன் ஆஸ்பத்திரியில் சீனி வியாதி என்றார்கள். வயிற்றுக்குள் இன்சுலின் என்று ஒரு சாறு சுரக்கவேண்டுமாம், இவளுக்குச் சுரக்கவில்லையாம். அது இல்லாவிட்டால் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது, அதை ஊசியால்தான் ஏற்றவேண்டும், உயிருள்ளவரை தினமும் ஏற்றவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊசி போட்டவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் சின்னத்தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயது, கல்யாணமாகாதவர், சலவை கலையாத சட்டை. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு முன்பே பூரணி அவரிடம் போய்விடுவாள். முதலில் கையில் போட்டார். கை தடித்துப்போனதும் இனித் தொடையில் போடவேண்டும் என்றார். மருத்துவச்சியம்மா பக்கத்திலேயே நிற்கிறார் என்று பூரணி சொன்னாள். நான் நம்பவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே போய், இனி நானே போடுகிறேன், சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சந்தோஷப்பட்டார், எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஒரு தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலில் குத்திக் குத்திப் பழகினேன். கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போடுவது, எந்தக் கோடுவரை மருந்தை இழுப்பது எல்லாம் காட்டினார். ஊசி போட்டு அரை மணி நேரத்தில் அவள் கட்டாயம் சாப்பிடவேண்டும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அவள் டிஸ்பென்சரிப் படியேறுவது நின்றால் போதும் என்பதிலேயே என் புத்தி இருந்தது.

அதுவும் முழுதாக நிற்கவில்லை. சிறுநீரில் எவ்வளவு சீனி என்று அறிய, அதை நீல மருந்தோடு காய்ச்சி, என்ன நிறம் வருகிறது என்று அவள் ஒரு கொப்பியில் எழுதிவைக்கவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அதை அவரிடம் காட்டவேண்டும். அவர் கீழே 'நல்லது' என்று எழுதி அனுப்புவார். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவளைப் பார்த்து ஒருநாளாவது அப்படிச் சொன்னதுண்டா என்று யோசித்தால் இன்னும் எரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, ஊசி போட்டு முடித்ததும், பூரணி கொப்பியை விரித்துக் காட்டினாள். 'மிக நல்லது' என்று இருந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"நோய் கொறையக்கூடாதுன்னு வேண்டிக்கிறியா? அப்பதானே அங்க போகலாம்" என்றேன்.

அவள் ரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து மலைக்குப் போய்விட்டாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் புருஷனோடு சண்டை போடுவது அப்படித்தான், சாப்பிடமாட்டார்கள். ராத்திரி வந்து கெஞ்சிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எனக்குப் பிற்பகல் வேலை. அவள் சுட்ட ரொட்டியில் மூன்றைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

பத்து மணிக்கு, அவளோடு கொழுந்தெடுக்கும் ராக்காயியும் இன்னொருத்தியும் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மலையில் தள்ளாடி, ஏதேதோ உளறினாளாம். அந்தக் குளிரில் அவள் வேர்வையில் நனைந்திருந்தாள், கையெல்லாம் நடுங்கியது. நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னை யாரோ மாதிரிப் பார்த்துவிட்டு, "டாக்டரையாவைக் கூப்பிடுங்க" என்றாள். சின்னத்தம்பியைத் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் அசையாமல் நின்றேன். போவதா வேண்டாமா என்று, சத்தியமாக, யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் கண் செருகியதும் ராக்காயி என்னைப் பிடித்து வெளியே தள்ளினாள். அப்புறம்தான் ஓடினேன்.

சின்னத்தம்பி வந்து, என் பாயில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் அவள் கண் திறந்தாள். ஊசிக்குப் பிறகு என்ன சாப்பிட்டாள் என்று அவர் கேட்டார். சண்டை என்று முனகினேன்.

"எங்கட உடம்பில இந்தச் சாறு சாப்பாட்டைப் பாத்துத்தான் கூடிக் குறையும். போத்தல்ல இருந்து போனதுக்கு அவ சாப்பிட்டாவோ கோவிச்சுக்கொண்டு இருக்கிறாவோ எண்டு தெரியாது. இரத்தத்தில இருக்கிற சீனியை இறக்கிக்கொண்டே போகும்" என்றார்.

மறுநாள் காலை ஊசியைக் கையில் எடுத்தேன். மருந்து சரியான கோட்டில் நிற்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். பூரணி அதை வாங்கி, சேலையை விலக்கி, தானே தொடையில் போட்டுக்கொண்டாள். இத்தனை நாள் பார்த்தே பழகியிருக்கிறாள்.

"சண்டைன்னா இனி ஊசிக்கு முன்னாடியே போட்டு முடிச்சிருங்க. ஊசி போட்ட பெறகு நான் தின்னே ஆகணும்" என்றாள்.

பிறகு தட்டை இழுத்து வைத்து, ரொட்டியைப் பிய்த்து, கடைசித் துண்டுவரை தின்றாள். கோபம் தீர்ந்து தின்கிறாளா, மருந்துக்காகத் தின்கிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். இன்னும் தெரியவில்லை.